புல்வெளியில் காயவைத்த கருவாடு

காரில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஓட்டுகிற இருக்கையில் நான், பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மாவும் தங்கையும். அண்ணன் வரவில்லை. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவிடும் படகில் அவனுக்கு வேலை. அந்த வாரம் விடுப்புக் கிடைக்கவில்லை. "அம்மா என்ன சொல்லுதோ அதுதான் எனக்கும்" என்று முந்தின நாளே தன் வாக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டான். அண்ணியும் பிள்ளைகளும் வரவில்லை. காரில் இடம் இல்லை என்று வெளியே சொல்லிக்கொண்டோம். மலை என்று பேச்செடுத்தாலே அண்ணிக்கு வயிற்றைப் புரட்டும் என்பதுதான் விஷயம். காருக்குச் சொந்தக்காரனான என் நண்பனும் வரவில்லை. ஆனால் அவன் போட்ட ஒரே ஒரு நிபந்தனை எங்களோடு கூடவே வந்தது: வண்டிக்குள் கருவாடு ஏறக் கூடாது. அதனால் அம்மாவின் கருவாட்டுச் சாக்கு காரின் தலைமேல், கம்பித் தட்டில், வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு வந்தது.

ஊர் சுற்றிப் பார்க்க நாங்கள் போகவில்லை. தங்கைக்கு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. கலந்தாய்வில் அவள் முறை வந்தபோது சமவெளியில் இருந்த இடங்களெல்லாம் போய்விட்டன. மிஞ்சிய சிலவற்றில் அவள் எடுத்தது கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறையையும் தாண்டி இருக்கிற ஒரு மலைக் கிராமம். திங்கட்கிழமை காலையில் அங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். நாங்கள் கிளம்பியது சனிக்கிழமை.

அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

"நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டுச் சொல்லுதேன். எனக்குப் பிடிக்கலன்னா வண்டிய அப்படியே திருப்பிரணும். பொறவு ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது" என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மா சொன்னால் சொன்னதுதான். மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து, உப்பிட்டு, கடற்கரையில் காயவைத்து, ஸ்ரீவைகுண்டம் சந்தையிலும் நாசரேத் சந்தையிலும் உட்கார்ந்து விற்பவள் அவள். குடும்பத்தில் முதலில் கல்லூரி முடித்தவன் நான். முதல் பட்டதாரி என்று அரசு தருகிற கட்டணச் சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அது எனக்குப் போய்விட்டது. தங்கைக்கு மிஞ்சியது அம்மாவின் கருவாடு. நெத்திலியும் சாளையும் சீலாவுமாக அவள் பட்டம் வாங்கினாள், ஆசிரியர் பயிற்சியும் முடித்தாள். நாங்கள் இரண்டு பேருமே பாடம் படித்தது கருவாட்டுக்குக் காவல் இருந்துதான். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் காக்கா விரட்டும் கம்பு. "காக்காய எண்ணி எண்ணியே இவளுக்குக் கணக்கு வந்துட்டு" என்று அப்பா சொல்வார்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நான் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சுங்க அதிகாரியிடமும் லாரி டிரைவரிடமும் ஒரே நாளில் பேசிக் காரியம் முடிக்கிறவன். பெற்ற தாயிடம் பேச மாட்டேனா? தவிர, இன்னொன்றையும் கவனித்திருந்தேன். பள்ளித் தலைமையாசிரியை தங்கைக்காக ஒரு வீட்டில் அறை பார்த்து வைத்திருந்தார். "வெறுங்கைய வீசிக்கிட்டா அந்த வீட்டுக்குப் போறது?" என்றுதான் அம்மா அந்தச் சாக்கைக் கட்டினாள். அது தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மாதம். கருவாட்டுக்கு நல்ல விலை இருக்கும் அந்த நேரத்தில், வண்டியைத் திருப்பப் போகிறவள் எதற்கு ஒரு சாக்குக் கருவாட்டைச் சுமந்துகொண்டு வருகிறாள்? இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் சாக்கை இறக்கிவிடுவாள்.

விடியும் முன் கிளம்பி, மதுரையைக் கடந்து, வத்தலக்குண்டில் டீ குடித்தோம். டீக்கடையிலிருந்து பார்த்தால் மலை எதிரில் நீலமாக நின்றது. அதன் இடுப்பில் ஒரு கோடு போல ரோடு போவது தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தாள்.

"அந்தக் கோட்டுலயா நாம போவணும்?"

"அது ரோடும்மா. கிட்ட போனா அகலமா இருக்கும்."

"எல்லாம் கிட்ட போனா அகலமாத்தான் இருக்கும்னு சொல்லுவ" என்று ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மலையில் அதுவரை நான் ஓட்டியதில்லை. ஆனால் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஓட்டிப் பழகியவனுக்கு எந்த ரோடும் பெரிய ரோடுதான். முதல் இரண்டு வளைவுகளிலேயே கணக்குப் பிடிபட்டுவிட்டது. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறை, ஹாரன் அடி, உன் பக்கத்தை விடாதே. மூன்றாவது வளைவில் மேலிருந்து இறங்கி வந்த ஒரு பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலையின் சட்டம். நான் நகரவில்லை. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக எங்கள் நம்பர் பலகையை எட்டிப் பார்த்தார்.

"தூத்துக்குடியா? தம்பி, இது கப்பல் இல்ல, நங்கூரம் போட்டு நிக்கிறதுக்கு!"

"ஏறுற வண்டிண்ணே, நீங்கதான் ஒதுங்கணும்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே பின்னால் எடுத்து ஒதுங்கினார். அப்பா என் தோளில் ஒரு தட்டு தட்டினார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பாதி மலையில் அப்பாவுக்குக் காது அடைத்தது. அவர் பல வருடம் சங்கு குளித்தவர். ஒரு காது கெட்டுப்போனதால் குளியை விட்டுவிட்டு, இப்போது மீன் ஏலக்கூடத்தில் எடை போடும் இடத்தில் நிற்கிறார். கடலுக்குள் இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, உள்ளே காற்றை முட்ட வேண்டும். அதையே இங்கேயும் செய்தார். ஒவ்வொரு முறை முட்டும்போதும் முகம் சிவந்தது. அடைப்பு கூடிக்கொண்டே போனது.

"இது என்ன கூத்துலே? குளியில மேல வந்தா காது தானாத் திறக்கும். இங்க மேல போகப் போக அடைக்கி."

"அப்பா, நீங்க கீழ எறங்குற வித்தைய ஏறும்போது செஞ்சா எப்படித் திறக்கும்?" என்று தங்கை பின்னாலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை நீட்டினாள். "இதச் சப்பி எச்சில முழுங்குங்க."

அப்பா விழுங்கினார். காது திறந்தது. கடல் ஆள் ஒருவருக்கு ஐம்பது காசு மிட்டாய் வைத்தியம் பண்ணியதை அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. மூக்கைப் பிடித்ததால்தான் திறந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அம்மாவுக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தாள். அம்மா வாங்கவில்லை. வளைவுக்கு ஒரு அருள்நிறைந்த மரியே என்று கணக்கு வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபத்தின் நடுவே வாயில் மிட்டாய் போடலாமா? வளைவுகள் முடிவதாக இல்லை, ஜெபமும் முடியவில்லை. பெருமாள்மலைக்கு வந்தபோது அம்மாவுக்கு இரண்டு காதும் நன்றாக அடைத்துக்கொண்டுவிட்டன. அதன் பிறகு காது திறக்கும் வரை அவள் எங்களோடு பேசியதெல்லாம், கரையிலிருந்து படகில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற சத்தத்தில்தான்.

"என்னலே இருட்டிட்டு?" என்று கத்தினாள்.

மேகத்துக்குள் நுழைந்திருந்தோம். அதை மழை என்று சொல்ல முடியாது. மேலிருந்து விழவில்லை, நாலா பக்கமும் நின்று நனைத்தது. பகல் பதினோரு மணிக்கு எல்லா வண்டிகளும் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. ரோட்டோரம் பேரிக்காய் விற்றவர்கள் பிளாஸ்டிக் தாளை முக்காடு போட்டிருந்தார்கள். நான் கண்ணாடித் துடைப்பானை ஓடவிட்டு, முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். காரின் தலைமேல் இருந்த சாக்கை எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

கொடைக்கானலில் கூட்டம். அதைக் கடக்க நேரமானது. அதன் பிறகு ரோடு குறுகியது, வண்டிகள் குறைந்தன. ஊசியிலை மரங்களுக்கு நடுவே ரோடு மேலேறி, பிறகு இறங்கி, பூம்பாறை வந்தது. படிப்படியாக வெட்டிய சரிவு முழுக்கப் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும். அதையும் தாண்டி ஒரு வளைவு திரும்பியதும் மரங்கள் நின்றுவிட்டன. எதற்கோ கட்டுப்பட்டது போல ஒரு இடத்தோடு காடு முடிந்துவிட்டது. அப்புறம் புல். மேடும் பள்ளமுமாக, ஒரு மேட்டின் முதுகில் இன்னொரு மேடு ஏறி, வானம் வரைக்கும் வெறும் புல். பள்ளங்களில் மட்டும் கைப்பிடி அளவு சோலைக்காடு, கறுப்பாக ஒடுங்கிக் கிடந்தது. நாங்கள் போன நேரம் மேகமும் விலகி வெயில் விழுந்தது. ரோடு அந்த மேடுகளின் நெற்றியில் வளைந்து வளைந்து போனது. எனக்கு அதில் ஓட்டிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"கடல் மாதிரியே இருக்குல்லப்பா?" என்றாள் தங்கை.

அப்பா பார்த்தார். "இதுல எங்கனளா கடல் இருக்கு? கடல்னா ஒரு இடத்துல நிக்குமா?" என்றார். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "பச்சையா இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பசித்தது. ரோட்டை விட்டு ஒதுக்கி வண்டியை நிறுத்தினேன். புல்லில் தார்ப்பாயை விரித்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். குளிரில் சோறு விறைத்திருந்தது. ஆனாலும் ருசியாக இருந்தது. சாப்பிட்டு எழுந்ததும் அம்மா காரின் மேலே கையை வைத்தாள்.

"ஐயோ! போச்சு! என் கருவாடு போச்சு!"

அவள் போட்ட சத்தத்தில் எதிர்ச் சரிவில் இருந்த ஏதோ ஒரு பறவைக் கூட்டம் எழும்பிப் போனது. சாக்கை இறக்கினோம். தொப்பலாக நனைந்திருந்தது. காய்ந்த கருவாட்டில் ஈரம் பட்டால் அன்றைக்கே காயவைக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் பூஞ்சை பிடித்துவிடும். இதை எங்கள் தெருவில் நடக்கப் பழகும் பிள்ளைகூடச் சொல்லும்.

அம்மா நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். காலையிலிருந்து அந்த மலையை அவள் பார்த்தது, பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதற்காகத்தான். இப்போது வேறு மாதிரிப் பார்த்தாள். குனிந்து புல்லைக் கையால் தடவினாள். முகத்தைத் திருப்பிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள்.

"மண்ணு இல்ல. காக்கா இல்ல. நாயும் இல்ல. வெயிலும் காத்தும் சேந்து வருது" என்றாள். "ஏளா, அந்தப் பழைய சேலைய எடு."

வெளியூர் போனால் அம்மா எப்போதும் ஒரு பழைய சேலை வைத்திருப்பாள். தங்கை அதை எடுத்துச் சரிவில் விரித்தாள். நான்கு மூலையிலும் கல் வைத்தோம். நெத்திலி ஒரு பக்கம், பிளந்த சீலா ஒரு பக்கம் என்று அம்மா பரப்பினாள். சேலை போதவில்லை, மீதியைத் தார்ப்பாயில் போட்டாள். இது தப்பு என்று எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவனான எனக்கும் தோன்றவில்லை. ஈரக் கருவாடு, வெயில், ஆளில்லாத வெட்டவெளி. வேறு என்ன செய்வார்கள்? அப்பா புல்லில் மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டார்.

காயும் நேரத்தில் பேசி முடித்துவிடலாம் என்று நான் ஆரம்பித்தேன். சம்பளம் இவ்வளவு, வருடத்தில் விடுப்பு இத்தனை, சில வருடம் போனால் ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்கலாம். நன்றாகத் தயாரித்து வைத்திருந்தேன்.

"என்ன? சத்தமாச் சொல்லு!" என்றாள் அம்மா.

"மாறுதல் கேக்கலாம்!"

"யாரு ஆறுதல் கேட்டா?"

அரசு வேலையின் நன்மைகளை ஒரு மலை உச்சியில் நின்றுகொண்டு முழுத் தொண்டையில் கத்திச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு நியாயமும் மிஞ்சாது.

"கோயில் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு! மாசத்துல ரெண்டு ஞாயிறு பூசை!"

"மீனு?"

"சந்தைக்கு வரும்!"

"எப்படிப்பட்ட மீனு? ஐஸுல கிடந்து செத்த மீனு."

"மீன் எல்லாமே செத்துதாம்மா வரும்!"

"போலே, பெருசாப் பேச வந்துட்டான்." சீலா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பிறகு அந்தக் கத்தல் இல்லாமல், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "காலையில இருந்து பாத்துக்கிட்டே வாரேன். எத்தன வளைவு. இவளுக்கு ராத்திரி ஒரு காய்ச்சல்னு போன் வந்தா நான் எப்படி வந்து சேருவேன்? அதச் சொல்லு. மத்தது எல்லாம் எனக்கு வேண்டாம்."

நான் தங்கையைப் பார்த்தேன். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இந்தப் பேச்சில் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இப்போது முட்டி போட்டு உட்கார்ந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்ப வேண்டும், அதுதான் முறை. வெயில் முதுகில் விழ, வரிசை கலையாமல், ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கையை இங்கே விட்டுவிட்டுப் போக மனம் வராமல் அம்மா வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவாள் என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் ஒரு பைக் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். வண்டியை நிறுத்தும் முன்பே மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா! என்னம்மா இது? என்ன பண்றீங்க?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கிலோ என்ன வெலன்னா கேக்காரு?"

"இல்லம்மா! இங்கன போடக் கூடாதுன்னு சொல்லுதாரு!"

"அம்மா, இது காட்டு இலாகா இடம்" என்றார் அவர். "பேப்பர் போட்டாலே அபராதம். நீங்க கருவாடு காயப்போட்டிருக்கீங்க. ராத்திரி இந்த வாசனைக்குக் காட்டுப்பன்னி வரும். ஒரு தடவை வந்தா மறுபடி மறுபடி வரும். நாளைக்குச் சின்னப் பிள்ளைங்களோட யாராவது வந்து இங்க உக்காந்தா அவங்களை முட்டும். தெரியுமா?"

அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. நான் என் அலுவலகக் குரலை எடுத்தேன். "சார், நாங்க வெளியூர். டூரிஸ்ட். விஷயம் தெரியாமப் பண்ணிட்டோம்."

"டூரிஸ்டா? டூரிஸ்ட்டுக்குத்தான் முதல்ல போடணும். பண்றது பூரா நீங்கதானே" என்று பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"அண்ணே, நீ சும்மா இரு" என்று தங்கை எழுந்தாள். கையிலிருந்த உப்பை உதறிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "சார், நாங்க டூரிஸ்ட் இல்ல. நான் இந்த ஊர் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு எடுக்க வந்திருக்கேன். திங்கக்கிழமை சேருறேன்."

சேரலாமா என்று பார்க்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. அம்மா சரி என்றால் என்றும் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேரையும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வனக்காவலர் புத்தகத்தை மூடாமல் கேட்டார். "மேல இருக்கிற ஸ்கூலுக்கா? எட்டாவதுக்குக் கணக்கு எடுப்பீங்களா?"

"எட்டு, ஒம்பது, பத்து."

"எம் பையன் எட்டாவதுதான். கணக்குக்கு அங்க ஆளே இல்ல. அவன் கணக்கு நோட்டு புதுசு போல இருக்கு." பேனாவைத் திறந்தார். "ஆனா டீச்சர், நீங்களே இப்படிச் செஞ்சா நான் பசங்களுக்கு என்ன சொல்றது? அபராதம் அபராதம்தான்."

"போடுங்க சார். தப்புதான்" என்றாள் தங்கை.

நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு காதும் அடைத்திருந்தாலும், கேட்க வேண்டியது கேட்டிருந்தது. அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அங்கே இருந்தது கோபம் இல்லை. தன் பிள்ளையை ஒருவர் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"ஆமா சார், டீச்சர்தான்! நான் டீச்சரோட அம்மா! கருவாடு போட்டது நானு. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ படிச்சதே இந்தக் கருவாட்டுலதான், அதான் கை தானாப் போயிட்டு!"

வனக்காவலர் இரண்டடி பின்னால் போனார். எழுதத் தொடங்கினார். தங்கையின் பெயரைக் கேட்டு எழுதினார்.

"ஊர்?"

நான் தூத்துக்குடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "இந்த ஊருதான்னு போடுங்க. டீச்சருக்கு வேற எந்த ஊரு?" என்றாள்.

அப்பா புல்லில் எழுந்து உட்கார்ந்திருந்தார். எப்போது விழித்தார் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். காலையிலிருந்து நான் தயாரித்ததும் கத்தியதும் எதற்கும் உதவவில்லை, காரியம் முடிந்துவிட்டது.

சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து அப்பாதான் கொடுத்தார். அம்மா ரசீதை வாங்கி மடித்து, ரவிக்கைக்குள் இருந்த பையில் வைத்தாள். பிறகு மறுபடியும் சேலைப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, திருப்பாமல் விட்டிருந்த நெத்திலியைத் திருப்பத் தொடங்கினாள்.

"அம்மா, எடுங்கம்மா!" என்றார் வனக்காவலர்.

"துட்டு கட்டியாச்சுல்லா?" என்றாள் அம்மா, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "சீட்டும் தந்துட்டீரு. வெயிலு இன்னும் இருக்கே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாசரேத் சந்தையில் காலையில் தீர்வை கேட்டு ஒருவர் வருவார். துட்டைக் கொடுத்துச் சீட்டை வாங்கிவிட்டால், அன்றைக்குப் பொழுது சாயும் வரை அந்த இடம் உங்களுடையது. எவரும் எழுப்ப முடியாது. அம்மா தன் வாழ்நாளில் காக்கிச் சட்டைக்காரர்களுக்கும் சீட்டுப் புத்தகக்காரர்களுக்கும் கொடுத்த துட்டெல்லாம் அந்த வகைத் துட்டுதான். அபராதம் என்ற ஒன்றை அவள் அதுவரை கட்டியதில்லை. ஐந்நூறு ரூபாய் கொடுத்து அந்த மலையில் ஒரு நாளைக்கு இடம் வாங்கியிருக்கிறோம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கை அவள் காதருகில் குனிந்து விளக்கினாள். அம்மா கேட்டுவிட்டு, "அப்போ இடமும் கிடையாதா? நல்லா இருக்கே உங்க ஊரு நியாயம்" என்று முனகியபடி கருவாட்டை அள்ளினாள். முக்கால்வாசி காய்ந்திருந்தது. மீதியை அந்த வீட்டு மாடியில் போட்டுக்கொள்ளலாம் என்றாள். அறை எடுக்கப் போகிற வீட்டுக்கு மாடி இருக்கிறது என்று நான் வண்டியில் ஒரு முறை, அதுவும் மெதுவாகத்தான் சொல்லியிருந்தேன்.

வனக்காவலர் போகாமல் பைக்கில் சாய்ந்து நின்றார். சேலை மடிக்கப்படுவதைப் பார்த்தார்.

"இது என்ன மீனும்மா, இந்தப் பெருசு?"

"சீலா."

"சந்தையில எங்க வீட்ல வாங்குறது பூரா மண்ணு. கழுவிக் கழுவிப் பாதி போயிடுது."

அம்மாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்தாள். "மண்ணா? எங்க கருவாட்டுல ஒரு மண்ணு கடிபட்டா என்னயக் கூப்பிடும். வலைக்கு மேல போட்டுக் காயவைக்கறது. இந்தாரும், மோந்து பாரும். கொண்டு போரும்."

"சும்மா வாங்க மாட்டேன்மா. இப்பதான் அபராதம் போட்டிருக்கேன். யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? விலை சொல்லுங்க."

"சும்மா யாரு தாரா?" என்றாள் அம்மா. "தடைக்காலம் சார். கடல்ல படகே இல்ல. இந்த ரெண்டு சீலாவும் ஒரு பிடி நெத்திலியும் முன்னூறு. ஒம்ம பையன் நம்ம டீச்சர்ட்ட படிக்கிறதுனால இருநூத்தம்பது."

"இருநூறு."

"இருநூத்து இருவது. இதுக்குக் கீழ கேட்டீருன்னா நெத்திலிய எடுத்துருவேன்."

அவர் கொடுத்தார். கருவாட்டைத் தாளில் சுற்றிப் பைக்கின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டு, "டீச்சர், திங்கக்கிழமை பையனை நேரா உங்ககிட்ட அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீதி மலையை ஏறும்போது அம்மா ஜெபமாலையை எடுக்கவில்லை. புளிப்பு மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது வளைவில் காது திறந்துகொண்டது. உடனே, "ஏலே, இந்த வண்டி இவ்வளவு சத்தம் போடுமா?" என்றாள். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்தோம். அந்த வீட்டில் அம்மா முதலில் ஏறிப் பார்த்தது மாடி. காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று வீட்டுக்கார அம்மாளிடம் விசாரித்துவிட்டுத்தான் சமையல் குசினியைப் பார்க்க வந்தாள். ராத்திரி காய்ச்சல் என்றால் எப்படி வருவது என்பதற்கு இன்றைக்கும் எங்களிடம் பதில் இல்லை. தங்கை அங்கே போய் இது இரண்டாவது வருடம். ஒரு முறை அப்படிப் போன் வந்தது. அம்மா இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு காய்கறி லாரியில் ஏறி, மறுநாள் பள்ளி மணி அடிக்கும் முன் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தங்கையை அங்கே விட்டுவிட்டு அன்றைக்கு இறங்கி வரும்போது அண்ணன் போன் செய்தான். "என்ன முடிவாச்சு?" என்று கேட்டான். அம்மா போனை வாங்கினாள். "அவ அங்கனதான். இடத்துக்குத் துட்டு கட்டியாச்சு" என்றாள். எவ்வளவு என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அம்மா ஐந்நூறில் சீலாவையும் நெத்திலியையும் கழித்து, பெட்ரோலைச் சேர்க்காமல் சொன்னாள்: "இருநூத்து எம்பது ரூவா."